கூடு விட்டுக் கூடு பாயும் இயங்குதளம்

காலத்தின் போக்கில் பழையது நீங்கிப் புதியது இடம் பெறுவதைப் பவணந்தி முனிவர் இயல்பென்றே ஏற்றுக்கொண்டார். இலக்கணம் கற்பிக்கும் நாமும் அதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைக்கின்றோம். ஆயினும், ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்று தீர்ப்பு வழங்குபவர் யார்? அத்தீர்ப்புக்குப் பின்னர், அப்பொருளின் துணைகொண்டு மக்கள் ஆற்றிய உழைப்பு என்னாகிறது? இவ்விரு வினாக்களும் மொழிக்கு மட்டும் உரியவை அல்ல. நம் பள்ளிகளில் கரும்பலகைக்கு நிகரான இடத்தைப் பெற்றுவிட்ட கணினிக்கும் இவை பொருந்தும்.

கணினி இரு கூறுகளை உடையது. கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலும் பகுதி வன்பொருள்; அஃது உடல் போன்றது. அவ்வுடலை எழுப்பி, அதன் உறுப்புகளை ஆண்டு, நாம் இடும் வேலைகளை அவ்வுறுப்புகளுக்குப் பங்கிட்டுத் தருவது இயங்குதளம். அஃது உயிர் போன்றது. உடல் வலுவுடன் இருக்கும்போதே, இனி இவ்வுடலில் எம் உயிர் தங்காது என்று இயங்குதளத்தை ஆக்கியோர் அறிவிப்பதுண்டு. அவ்வாறு கைவிடப்பட்ட கணினிகளில் இயங்குதளத்தை இயக்குவதும், ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியைத் தோற்றுவித்து அதில் இயக்குவதும் இக்காலத்துப் புதுமைகள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இவற்றிற்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, தமிழாசிரியர்களாகிய நாம் அதிலிருந்து பெறத்தக்க பாடத்தை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய உழைப்பைக் கைவிடாமை

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1959 ஆம் ஆண்டு 1401 என்னும் கணினியை அறிமுகப்படுத்தியது. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் அதனை விரும்பி ஏற்றன. ஊதியக் கணக்கும் இருப்புக் கணக்கும் அதற்கென எழுதப்பட்ட நிரல்களால் நடைபெற்றன. பின்னர் 1964 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள், அதே நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் புதிய கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியது முதல் பெரியது வரை அக்குடும்பத்தின் கணினிகள் ஒரே கட்டளைத் தொகுதியைப் பின்பற்றின. அஃது ஒரு புரட்சி எனலாம். ஆனால் அப்புதிய கட்டளைகள் 1401 இன் கட்டளைகள் அல்ல. பழைய நிரல்கள் புதிய கணினிக்குப் புரியாத மொழியாயின.

வாடிக்கையாளர் பல ஆண்டுகள் செலவிட்டு எழுதிய நிரல்களை எறிந்துவிட்டுப் புதிய கணினி வாங்க முன்வருவரோ? வாரார் என்பதை ஐ.பி.எம். பொறியாளர் உணர்ந்தனர். ஆகவே, 360 குடும்பத்தின் மாடல் 30 கணினிக்குள், 1401 இன் கட்டளைகளையும் புரிந்துகொண்டு அதைப் போலவே நடக்கும் நுண்நிரல்களை அமைத்தனர். புதிய உடல் பழைய உடலைப் போலச் செய்து காட்டியது. இப்போலச்செய்தல் முறையால் பழைய நிரல்கள் தம் பழைய இல்லத்தில் இருப்பதாகவே எண்ணித் தொடர்ந்து இயங்கின. கருவியைக் காட்டிலும் கருவியால் விளைந்த உழைப்பே விலைமதிப்புடையது என்பதே இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தும் முதற்பாடம்.

நிழலாய்ப் பிறந்த கணினிகள்

அக்காலத்தில் கணினி என்பது ஓர் அறையை நிறைக்கும் பெரும்பொறி. ஒருவர் அதனைப் பயன்படுத்தும்போது மற்றவர் வரிசையில் காத்திருந்தனர். ஒரே கணினியைப் பலரும் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் வழியை எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் 1961 இல் செய்து காட்டினர். அதே கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் ஓர் அறிவியல் மையத்தை நடத்தி வந்தது. அங்கு ராபர்ட் கிரீசி தலைமையில் அமைந்த சிறு குழு, பங்கீட்டுச் சிக்கலுக்குப் புதியதொரு விடை கண்டது. ஒரு கணினியைப் பலருக்கும் பங்கிட்டுத் தருவதற்கு மாறாக, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி கிடைத்ததாகத் தோன்றச் செய்தால் என்ன என்று அவர்கள் சிந்தித்தனர்.

அச்சிந்தனையின் விளைவே சி.பி.-40 என்னும் அமைப்பு. இதற்கென மாற்றியமைக்கப்பட்ட ஒரே ஒரு மாடல் 40 கணினியில், 1967 ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் அது பயன்பாட்டில் இருந்தது. ஒரே வேளையில் 14 மெய்நிகர் கணினிகளை அது தாங்கியது. ஒவ்வொன்றும் தனக்கெனச் செயலியும் நினைவகமும் உடையதுபோல் நடந்துகொண்டது. அதனுள் குடியேறிய இயங்குதளம் தான் குடியிருப்பது நிழல்வீடு என்பதை அறியாது. சி.பி.-40 ஐ அடுத்து சி.பி.-67 தோன்றியது. 1972 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் வி.எம்./370 என்னும் பெயரில் இம்முறை ஐ.பி.எம். நிறுவனத்தின் முறையான படைப்பாக வெளிவந்தது.

இரு ஆண்டுகள் கழித்து, ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபெர்க் என்னும் இரு அறிஞர் இதற்கோர் இலக்கணம் வகுத்தனர். மெய்நிகர் கணினியில் ஒரு நிரல் நடந்துகொள்ளும் முறை மெய்க்கணினியில் நடந்துகொள்வதற்கு ஒத்ததாதல் வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி மெய்ச்செயலியிலேயே நிறைவேறல் வேண்டும். வன்பொருளின் மீதான ஆட்சி, மெய்நிகர் கணினிகளைக் கண்காணிக்கும் நிரலின் கையிலேயே இருத்தல் வேண்டும். 1974 இல் அவர்கள் வகுத்த இம்மூன்று நெறிகளும் இன்றளவும் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் கண்ட முறை இத்துறையிலும் நிகழ்ந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

பிறந்த வீட்டை விட்டுப் புறப்பட்ட யூனிக்ஸ்

உடலை நிழலாகத் தோற்றுவிப்பது ஒரு வழியென்றால், உயிரையே வேறு உடலுக்கு மாற்றுவது மற்றொரு வழி. சுந்தரநாதர் என்னும் யோகியார் மூலன் என்னும் இடையனின் உடலில் புகுந்து திருமூலர் ஆயினார் என்று நம் மரபு கூறும். அத்தகைய கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையைக் கற்ற இயங்குதளம் யூனிக்ஸ் ஆகும்.

1969 ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் வடிவத்தை எழுதினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது, அதிகம் எவரும் தீண்டாது கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறு கணினி. உலகை ஆளப் பிறந்த ஓர் இயங்குதளம் ஒதுக்கப்பட்ட கணினியின் மீதே பிறந்தது என்பது எண்ணத்தக்கது. பின்னர் அது பி.டி.பி.-11 கணினிக்குக் குடிபெயர்ந்தது. அந்நாளில் இயங்குதளங்கள் அவ்வக் கணினிக்கே உரிய அடிமொழியில் எழுதப்பட்டன. ஆகவே கணினி அழிந்தால் அவையும் அழிந்தன. 1973 இல் யூனிக்ஸ், டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதனால் எந்தக் கணினிக்கும் அதனை மொழிபெயர்த்தல் இயல்வதாயிற்று. 1977 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் வூலாங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர், யூனிக்ஸை முற்றிலும் வேறான இன்டர்டேட்டா கணினியில் இயங்கச் செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வகத்தாரும் அதே நிறுவனத்தின் வேறொரு கணினியில் அதனை இயக்கிக் காட்டினர்.

இவ்வழியில் வந்ததே லினக்ஸ். பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டு தம்மிடமிருந்த 386 வகைக் கணினிக்காக அதனைத் தொடங்கினார். இன்று கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை அது இயங்குகிறது. ஆனால் 2012 ஆம் ஆண்டின் இறுதியில், அது பிறந்த 386 செயலிக்கான ஆதரவையே லினக்ஸ் ஆக்குநர்கள் நீக்கிவிட்டனர். பிறந்த வீட்டுக்குத் திரும்ப இயலாத நிலை அதற்கும் நேர்ந்தது. விற்பனை நோக்கம் அற்றோரும் சில வேளைகளில் பழையதைக் கைவிடவே செய்கின்றனர். பராமரிக்க ஆளும் உழைப்பும் தேவைப்படுவதே அதன் காரணம்.

மேசைக்கு வந்த மெய்நிகர் கணினி

1980 களில் கணினி மேசைக்கு வந்தது. 1985 இல் வெளிவந்த இன்டெல் 386 செயலி, தன்னுள் பழைய 8086 செயலிகள் பல இருப்பதுபோல் காட்டும் திறன் பெற்றிருந்தது. டாஸ் நிரல்கள் பலவற்றை ஒருங்கே இயக்க அது துணைபுரிந்தது. ஆயினும் ஒரு முழு இயங்குதளத்தை மற்றொன்றினுள் குடியமர்த்துதல் எளிதாக இல்லை. போபெக்கும் கோல்டுபெர்க்கும் வகுத்த நெறிகளுக்கு இச்செயலி இணங்கவில்லை. பென்டியம் செயலியை ஆராய்ந்து 2000 இல் வெளிவந்த ஆய்வொன்று, 17 கட்டளைகள் இதற்குத் தடையாக நின்றதை எடுத்துக்காட்டியது. மெய்நிகர் கணினியில் அவை தவறான விடையைத் தந்தபோதும், காவல் நிரலுக்கு அதனை உணர்த்தாமல் நழுவிச் சென்றன.

இத்தடையைத் தாண்டிய பெருமை 1998 இல் தொடங்கப்பெற்ற வி.எம்.வேர் நிறுவனத்தாரைச் சாரும். டயேன் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் முதலிய ஐவர் அதனை நிறுவினர். இடர் தரும் கட்டளைகளை இயங்கும்போதே கண்டறிந்து, தீங்கற்ற கட்டளைகளாக மாற்றி எழுதும் உத்தியை அவர்கள் கையாண்டனர். 1999 இல் அவர்தம் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. அறையை நிறைத்த பெரும்பொறிக்கு மட்டுமே உரியதாய் இருந்த வித்தை, இவ்வாறு நம் மேசையை வந்தடைந்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் தம் செயலிகளிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. பிரான்சு நாட்டின் ஃபப்ரீஸ் பெலார்ட் 2003 இல் வெளியிட்ட கியூ.இ.எம்.யூ. என்னும் மென்பொருளோ, வேறு இனச் செயலிகளையும் போலச் செய்து காட்ட வல்லது. அது கட்டணமின்றிக் கிடைப்பது.

தொள்ளாயிரம் ஆண்டும் பதினைந்து ஆண்டும்

இவ்வித்தையின் பயனை நன்குணர, ஆசிரியர்கள் அறிந்திருக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் தம் நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்வித்த டூம்ஸ்டே ஏடு 1086 ஆம் ஆண்டினது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986 இல் புதிய டூம்ஸ்டே தொகுப்பொன்றை வெளியிட்டது. நாடெங்குமுள்ள பள்ளி மாணவர்கள் தத்தம் ஊரைப் பற்றி எழுதினர், நிழற்படங்கள் எடுத்தனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் அதில் பங்கு பெற்றனர். அவையனைத்தும் ஒளித்தட்டுகளில் பதியப்பட்டு, பி.பி.சி. மாஸ்டர் என்னும் கணினியோடு இணைந்த தனிவகைக் கருவியில் படிக்குமாறு அமைக்கப்பட்டன.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. தோலில் மையால் எழுதிய 1086 ஆம் ஆண்டு ஏட்டை அறிஞர் அப்போதும் படித்தனர். 1986 ஆம் ஆண்டு மாணவர் எழுதியதைப் படிப்பதோ அரிதாயிற்று. 2002 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய ஆய்வுத் திட்டத்தினர், பழைய கணினியையும் தட்டுக் கருவியையும் போலச் செய்யும் மென்பொருளை உருவாக்கி, அத்தொகுப்பைப் புதிய கணினியில் மீண்டும் திறந்து காட்டினர். 1401 இன் நிரல்களைக் காத்த அதே முறை, சிறுவர்களின் எழுத்தையும் காத்தது.

எம் பெட்டியில் இருந்த நெகிழ்தட்டுகள்

இந்நிகழ்ச்சியைப் படித்தபோது என் நெஞ்சு துணுக்குற்றது. காரணம் உண்டு. 1998 ஆம் ஆண்டு நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இளம் ஆசிரியனாகப் பணியாற்றினேன். பள்ளியின் ஆண்டு மலருக்காக மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரை நேர்கண்டு எழுதி வந்தனர். விடியுமுன் பிரட்டுக்குச் சென்றதையும், பால்மரத்தில் மங்கு கட்டியதையும், கப்பலில் வந்த தம் பெற்றோர் சொல்லிய கதைகளையும் அம்முதியோர் கூறியிருந்தனர். இரவெல்லாம் விழித்துப் பள்ளிக் கணினியில் அவற்றை நான் தட்டெழுதினேன். பக்கக் குறைவால் மலரில் ஒரு பகுதியே இடம்பெற்றது. எஞ்சியவை நெகிழ்தட்டுகளில் தங்கின. பின்னர் அத்தோட்டம் வீடமைப்புப் பகுதியாயிற்று, மக்கள் கலைந்தனர், அம்முதியோரும் மறைந்தனர்.

தலைமையாசிரியனாகிய பின், அத்தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது தட்டுகள் படிக்கும் நிலையில் இருந்தன. ஆனால் கோப்புகள் திறக்கவில்லை. அக்காலத்துத் தமிழ் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் நடைபெற்ற மாநாடுகளில் அறிஞர்கள் இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றது நாமறிந்ததே. ஒருங்குறி முறையில் தமிழ் 1991 முதல் இடம் பெற்றிருந்தும், அது நம் மேசைக்கு வந்து பரவப் பல ஆண்டுகள் ஆயின. நான் பயன்படுத்திய பக்க அமைப்பு நிரலோ 16 பிட் வகையைச் சேர்ந்தது. 64 பிட் விண்டோஸ் அவ்வகை நிரல்களை ஏற்பதில்லை.

பொறியாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். அவர் சிரித்தார். "ஐயா, புதிய கணினிக்குப் பழைய நிரல் ஒத்துவராது. அதனால் புதிய கணினிக்குள்ளேயே உங்கள் பழைய கணினியை எழுப்பிவிடுவோம்" என்றார். பழைய கணினியோடு வாங்கிய விண்டோஸ் 95 தட்டும், தமிழ் மென்பொருளின் தட்டுகளும் உரிமத் தாள்களுடன் பள்ளி அலமாரியில் இருந்தன. ஒரு சனிக்கிழமை பிற்பகல், அவர் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து அவற்றை அதில் நிறுவினார். சாம்பல் நிறத் திரை தோன்றியது. கோப்பைத் திறந்தோம். குழம்பிய எழுத்துகளாக நான் கண்டவை தமிழாக விரிந்தன. முதலில் வந்தது அவருடைய பாட்டியின் நேர்காணல். ஐந்தாம் வகுப்பில் தாம் எழுதியதை அவர் மறந்தே போயிருந்தார். நெடுநேரம் அவர் பேசவில்லை. அன்று முதல் நாங்கள் அந்நேர்காணல்களை ஒருங்குறியில் மாற்றி வருகிறோம்.

ஆதரவு முடிந்த கணினிகள்

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் முடிவுற்றது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியும் வேண்டும் என்கிறது. நல்ல நிலையில் உள்ள கணினிகள் பலவற்றிற்கு இத்தகுதி இல்லை. ஆப்பிள் நிறுவனமும் 1994, 2006, 2020 ஆகிய ஆண்டுகளில் தன் மேக் கணினிகளின் செயலி இனத்தையே மாற்றியது. ஒவ்வொரு முறையும் பழைய நிரல்கள் சில காலம் இயங்கப் போலச்செய்யும் வழியமைத்து, பின்னர் பழைய கணினிகளைக் கைவிட்டது. கைவிடப்பட்ட மேக் கணினிகளில் புதிய இயங்குதளத்தை நிறுவ, தன்னார்வலர்கள் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்னும் மென்பொருளை ஆக்கியுள்ளனர். விண்டோஸ் 11 இன் தகுதி விதிகளைத் தாண்டி நிறுவும் வழிகளையும் பலர் கண்டுள்ளனர். ஆனால் அவ்வாறு நிறுவப்பட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது.

நிறுவனத்தாரை மட்டும் பழிப்பது நடுநிலை ஆகாது. 2017 மே மாதம் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் முடக்கியது. திருத்தம் பொருத்தப்படாத கணினிகளே அதற்கு இரையாயின. மூன்றாண்டுக்கு முன்னரே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திற்கும் மைக்ரோசாஃப்ட் அன்று திருத்தம் வெளியிட நேர்ந்தது. காவலற்ற பழைய இயங்குதளத்தை இணையத்தில் திறந்து வைத்தல், கதவில்லாத வீட்டில் பொன்னை வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே இருவேறு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். பழைய உடல் வலுவாக இருந்தால், காவலுடன் கூடிய புதிய உயிரை அதில் ஏற்றலாம். எம் பள்ளிக் கணினிக் கூடத்தில் விண்டோஸ் 11 ஏற்காத பன்னிரண்டு கணினிகளில் லினக்ஸ் நிறுவியுள்ளோம்; மாணவர்கள் அவற்றில் தமிழ்க் கட்டுரை தட்டெழுதுகின்றனர். பழைய உயிர்தான் வேண்டுமென்றால், அதனை மெய்நிகர் கணினியில் குடியமர்த்தி, இணையத் தொடர்பை அறுத்து, கோப்புகளை மீட்கும் பணிக்கு மட்டும் எழுப்புதல் நன்று.

நிறைவுரை

ஓலைச்சுவடிகள் தாமே நிலைத்தவை அல்ல. செல்லரிக்குமுன் ஒருவர் எடுத்துப் படியெழுதியதால் நிலைத்தன. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றை நாம் மாணவர்க்குச் சொல்கிறோம். நம் காலத்துச் சுவடிகள் நெகிழ்தட்டிலும் பழைய வன்தட்டிலும் உள்ளன. அவற்றைப் படிக்க ஏடு மட்டும் போதாது. ஏட்டைப் படிக்கத் தெரிந்த பழைய இயங்குதளமும் அதற்குரிய தமிழ் மென்பொருளும் உடன் வேண்டும். பழைய கணினியைக் கழித்துக்கட்டும் படிவத்தில் கையொப்பமிடுமுன், அதனுள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்போம். நிறுவல் தட்டுகளையும் உரிமத் தாள்களையும் குப்பையில் இடாது ஓர் உறையிலிட்டு வைப்போம். மீட்ட எழுத்தை ஒருங்குறியில் மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைப்போம்.

கணினி பழையதாகிவிட்டது என்று அறிவிக்கும் உரிமை அதனை ஆக்கியோர்க்கு உண்டு. அதனுள் இருக்கும் ஒரு பாட்டியின் சொல் பழையதாகிவிட்டது என்று அறிவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. உங்கள் பள்ளி அலமாரியிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். தட்டுகள் ஆண்டுதோறும் பழுதடைகின்றன. அப்பெட்டியை இவ்வாண்டே திறந்து பாருங்கள்.